ரெண்டேகால் மணி அலாரம்

நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி. எந்திரிக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்துல வந்து நின்னது என் தப்பு. காதை மட்டும் கொடுங்க, நீங்க கை கழுவுறதுக்குள்ள நான் முழுசாச் சொல்லி முடிச்சிருவேன். முழுசாக் கேக்காம வண்டியில கை வைக்காதீங்க. உங்களைச் சொல்லலை. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டக் காட்டினேன். ரெண்டு பேருமே பாதிதான் கேட்டாங்க. பானெட்டைத் திறந்தாங்க, ஏதோ ஒரு ஒயரைப் பிடிச்சு இழுத்தாங்க, "இனிமே கத்தாது தம்பி"ன்னு அனுப்பி வச்சாங்க. மறுநாள் ரெண்டேகாலுக்குக் கத்திருச்சு.

இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை வாங்கிட்டுப் போக ஆள் வருது. எங்க சூப்பர்வைசரோட மச்சான். அதுக்குள்ள சரியாயிட்டா வண்டி எங்ககிட்டயே இருக்கும். ஆகலைன்னா சாவியைக் கொடுத்திருவேன். எனக்கு வேற வழி இல்லை. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சார் போன வாரம் படியில நிறுத்தி வச்சுச் சொல்லிட்டார், "வண்டி வேணுமா வீடு வேணுமான்னு முடிவு பண்ணிக்கோ தம்பி. என் மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபத்தஞ்சு நாளாச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் அந்தப் பச்சை மண்ணு கண்ணை மூடுது. ரெண்டேகாலுக்கு நீ மில்லுச் சங்கை ஊதிடுற."

அவர் சொல்றதுல தப்பே இல்லை. எனக்கே அந்தப் பிள்ளையை நினைச்சா கூச்சமா இருக்கு.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். பழசுதான், ஏழு வருஷ வண்டி. இந்த அலாரம் கம்பெனியில வச்சது இல்லை, முன்னாடி வச்சிருந்தவர் வெளியில போட்டது. எட்டு மாசத்துக்கு முன்னாடி வாங்கினேன். அப்பாவுக்காகத்தான் வாங்கினேன் அண்ணாச்சி, அதைச் சொல்லியாகணும். எங்க அப்பா அய்யாத்துரை, பஞ்சு மில் முதலாளிக்கு முப்பத்தோரு வருஷம் கார் ஓட்டினவர். இந்த ஊர்ல அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டா டிரைவர் அய்யாத்துரைன்னாத் தெரியும். முதலாளி மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத் திரும்ப மில்லுக்குப் போகணும், ரெண்டேகாலுக்கு வண்டி போர்ட்டிகோவுல நிக்கணும். முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் ரெண்டு பதினாறு ஆனது கிடையாது. அந்தச் சம்பாத்தியத்துலதான் நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சேன். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான். இப்ப பேண்டேஜ் துணிக் கம்பெனியில குவாலிட்டி செக்ல இருக்கேன்.

வண்டி வாங்கின அன்னைக்கு அப்பா பழக்கதோஷத்துல டிரைவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து பின்னாடி உட்கார வச்சேன். "முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்களுக்கு முன் சீட்டுல உட்கார்ந்தது போதும்ப்பா. இனிமே நீங்க முதலாளி மாதிரிப் பின்னாடிதான் உட்காரணும்"னு சொன்னேன். அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பா முன் சீட்டோட முதுகைத் தடவிக்கிட்டே இருந்தார். அவருக்கு சந்தோஷம் வந்தா அப்படித்தான்.

ஆமா, லைசென்ஸ் இருக்கு அவர்கிட்ட. இன்னும் மூணு வருஷம் இருக்கு. ஆனா போன வருஷம் சர்க்கரை இறங்கி ஒரு தடவை தலை சுத்திருச்சு. டாக்டர், "தூரமாப் போறது வேண்டாம்"னார். தொடவே வேண்டாம்னு சொன்னது நான்தான். இருக்கறதை இருக்கறபடி சொல்றேன். நான் கொஞ்சம் பயந்த சுபாவம். ரிமோட் எப்பவும் என் பையிலதான் இருக்கும். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, தொலைஞ்சா வம்பு. ஸ்பேர் சாவி ஒண்ணு பீரோவுல கிடக்கு. வெறும் சாவி, ரிமோட் கிடையாது. அதை நாங்க எடுக்கறதே இல்லை.

மோர் ஊத்திக்கோங்க அண்ணாச்சி, என்னைப் பார்த்துக்கிட்டு வெறுஞ் சோத்தைச் சாப்பிடறீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் ஆபீஸ் போறது கம்பெனி வேன்ல. வண்டி திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுலதான் நிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பேன், அப்பாவையும் அம்மாவையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். அலாரம் அடிக்கறது எல்லாம் வார நாள்ல. ஞாயித்துக்கிழமை அடிக்கறதே இல்லை. ஞாயித்துக்கிழமை வண்டி ஓடறதால பேட்டரி ஏறிடுது, மத்த நாள் இறங்கிடுது, வோல்டேஜ் குறைஞ்சா அலாரம் குழம்பிடும்னு நினைச்சேன். புது பேட்டரி போட்டேன். ஆனா அதுவும் இறங்குது! நிக்கிற வண்டியில பேட்டரி எப்படி அண்ணாச்சி இறங்கும்? எங்கேயோ கரண்ட் கசியுது. அதையும் பாருங்க.

அடுத்தது அதிர்வைப் பிடிக்கிற சென்சார். அதுல ஒரு குட்டித் திருகாணி இருக்கு, அதைத் திருப்பிக் கடைசி வரைக்கும் குறைச்சேன். இடி இடிச்சாக்கூட இப்ப அதுக்குத் தெரியாது. ஆனா ரெண்டேகாலுக்குக் கத்துது. நாலு கதவோட பட்டன் சுவிட்சையும் கழட்டித் துடைச்சேன். ஷெட்டுக்கு மேல வேப்ப மரம், அணில் விழுதோன்னு ஒரு வாரம் தெருவுல நிறுத்திப் பார்த்தேன். தெருவுலயும் அதே ரெண்டேகால். ரிமோட்ல பூட்டாம சாவியால மட்டும் பூட்டலாமேன்னு நீங்க கேப்பீங்க. அதுவும் செஞ்சேன். முப்பது செகண்ட்ல அது தானாவே காவலுக்கு உட்கார்ந்துக்குது, முன்னாடி இருந்தவர் அப்படி வச்சிருக்கார். சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை சைரனோட ஒயரையே பிடுங்கினேன். அதுக்குள்ள தனியா ஒரு பேட்டரி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மணி நேரம் நிறுத்தாம அலறிச்சு. மொத்தத் தெருவும் வாசல்ல நின்னுச்சு. எதிர் வீட்டு ராஜகனி அக்கா, "எலக்ட்ரானிக்ஸ் படிச்ச புள்ள, ஒரு ஊதுகுழலை நிறுத்தத் தெரியலையே. இதுக்கு நாலு வருஷமா?"ன்னு கேட்டாங்க. அப்பா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். எனக்கு அது ஒண்ணுதான் தாங்கலை அண்ணாச்சி. அவர் என்னைப் படிக்க வச்சது இதுக்கா?

இன்னும் இருக்கு. இதைக் கேளுங்க, இதுதான் முக்கியம். ஒரு தடவை அடிச்சா அதோட விடாது. சரியா அரை மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை அடிக்கும். ரெண்டேகால், அப்புறம் ரெண்டே முக்கால். தினமும் ஜோடி ஜோடியா. நான் யோசிச்சு வச்சிருக்கறது என்னன்னா, உச்சி வெயில்ல அலாரப் பெட்டி சூடாகி ஒரு தடவை, கொஞ்சம் ஆறி ஒரு தடவை. ஆனா மழை பெஞ்ச நாள்லயும் ஜோடியாத்தான் அடிச்சிருக்கு. அதுதான் எனக்கு உதைக்குது.

முதல் சத்தத்துக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கவே சரியா இருக்குமாம். ரெண்டாவது சத்தத்துக்குத்தான் சங்கரலிங்கம் சார் பின்பக்கம் ஓடி வந்து பார்ப்பாராம். "வண்டிகிட்ட ஒரு பயலும் இல்லைப்பா, உங்கப்பாதான் நிக்கிறார்"னு சொல்றார். அப்பாதான் எப்பவும் முதல் ஆளா ஓடிப்போய் நிப்பார்போல. அறுபத்து ரெண்டு வயசு, முழங்கால் வலி, மாடிப்படி இறங்கி ஓடியிருக்கார் பாருங்க. "நீங்க ஏம்ப்பா ஓடறீங்க, கத்திட்டுப் போகட்டும்"னு சொன்னேன். "சரிப்பா"ன்னார். மறுநாளும் அவர்தான் நின்னாராம். வண்டி மேல அவ்வளவு அக்கறை.

அந்த நேரத்துல வீட்டுல யாரா? யாருமே கிடையாது. அம்மா சத்துணவுக் கூடத்துல வேலை, மூணு மணிக்குத்தான் வருவாங்க. யாரும் இல்லை, அப்பா மட்டும்தான்.

ஏன் சிரிக்கிறீங்க? காரமா? தண்ணி குடிங்க.

நான் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுட்டு வந்தே உட்கார்ந்தேன் அண்ணாச்சி. மாடிப்படியில, ஒரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஷெட்டைப் பார்த்துக்கிட்டு. அப்பாவும் கூட வந்து உட்கார்ந்தார். ரெண்டு அடிச்சதும் அவருக்கு இருப்புக் கொள்ளலை. ரெண்டு படி இறங்கறார், ஏறறார், சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்க்கறார். "நீ போய்த் தூங்குப்பா, நான் பார்த்துக்கறேன்"னு நாலு தடவை சொன்னார். நான் அசையலை. அன்னைக்கு அடிக்கவே இல்லை! அதான் அண்ணாச்சி எரிச்சல். நான் பார்த்தா அடிக்காது. நான் வேன் ஏறினா அடிக்கும். ஒரு மெஷினுக்கு நம்மைப் பிடிக்கலைன்னா என்ன பண்றது?

அலாரத்தோட சேர்ந்து சில்லறைக் கோளாறும் இருக்கு, மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன். டிரைவர் சீட்டோட லாக் தேய்ஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நான் என் காலுக்குத் தகுந்த மாதிரி பின்னாடி தள்ளி வைப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து உட்கார்ந்தா முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்குது. தானா மூணு பல் முன்னாடி வந்திருது. நடுக் கண்ணாடியும் கீழே இறங்கிடுது, சைரன் அதிர்வுல இருக்கலாம். ரேடியோவும் அப்படித்தான். நான் வைக்கிற எஃப்.எம். நிக்கிறதில்லை, போட்டா வயலும் வாழ்வும் மாதிரி ஏதோ பேச்சு வருது, இல்லைன்னா பழைய பாட்டு. பேட்டரி இறங்கறப்ப ஸ்டேஷன் அழிஞ்சுடும்போல. பின்பக்கக் கால் மேட் ஒண்ணு வலது பக்கமா ஓட்டை விழுந்திருக்கு, அது கோளாறு இல்லை. அப்பா பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு நான் பிரேக் பிடிக்கிற இடத்துல எல்லாம் தரையை அழுத்துவார். "நீங்க நிம்மதியா உட்காருங்கப்பா, நான் முறையா டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டு வந்திருக்கேன்"னு சொல்லுவேன். சொன்னா ஒரு நிமிஷம் காலைத் தூக்கி வச்சுக்குவார்.

நீங்க ஏன் சாப்பாட்டை வச்சுட்டு என்னையே பார்க்கறீங்க? சீட்டு லாக்குக்கு உங்ககிட்ட சாமான் இருக்குமா, இல்லை வேற கடையா?

மணி என்ன இப்ப? ரெண்டு இருபதா? பார்த்தீங்களா! ரெண்டேகால் தாண்டியாச்சு. நம்ம கண்ணு முன்னால நிக்குது, அடிச்சுதா? கல்லு மாதிரி நிக்குது. இதைத்தான் சொன்னேன். காட்டலாம்னு கொண்டாந்தா காட்டாது.

ஒரு நிமிஷம் அண்ணாச்சி, அப்பா கூப்பிடறார்.

சொல்லுங்கப்பா. இல்லை, இல்லை, பதறாதீங்க. களவு போகலை. அரை நாள் லீவு போட்டுட்டு நான்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். இல்லப்பா, நீங்க படுத்திருப்பீங்கன்னுதான் மேல வராமலே எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு வேலையா வந்தேன், வந்து சொல்றேன். நீங்க எதுக்கு இந்த வெயில்ல கீழே இறங்கினீங்க? இன்னைக்குத்தான் சத்தமே இல்லையே. சரி. சரி, போய்ப் படுங்க.

பாவம் அண்ணாச்சி. "கனகு, ஷெட்டு காலியா இருக்குடா"ன்னு எடுத்த எடுப்புல சொல்றார். வண்டியை விக்கப்போறதை அவர்கிட்ட இன்னும் நான் சொல்லலை. சொன்னா, "உன் இஷ்டம்ப்பா"ன்னுதான் சொல்லுவார். எதைக் கேட்டாலும் அதான் பதில். அதனால கேக்கறதையே விட்டுட்டேன்.

நோட்டா? இருக்கு இருக்கு. நீங்களா கேட்டீங்களே, அதுவே பெரிசு. மத்தவங்க ரெண்டு பேரும் இதைத் திறந்துகூடப் பார்க்கலை. கையைத் துடைச்சுட்டு வாங்குங்க.

எங்க கம்பெனியில துணியில ஒரு குறை வந்தா தேதி, நேரம், அன்னைக்கு மெஷின்ல யார் இருந்தாங்க, இந்த மூணையும் எழுதணும். அதே மாதிரிக் கோடு போட்டு அப்பாகிட்டக் கொடுத்தேன். தேதி, நேரம், வெயிலா மழையா. யாருங்கற இடம் இதுக்குத் தேவைப்படலை, விட்டுட்டேன். நீங்க வீட்டுல இருக்கீங்க, சத்தம் கேக்கறப்ப குறிச்சு வைங்கப்பான்னு சொன்னேன். ஒரு நாள் விடாமக் குறிச்சிருக்கார் பாருங்க. கையெழுத்தைப் பாருங்க, அச்சு மாதிரி. மில்லுல முப்பத்தோரு வருஷம் லாக் புக் எழுதின கை. எழுதற விஷயத்துல பொய் சொல்ல மாட்டார். முதலாளி மகனே ஒரு தடவை சொந்தப் பயணத்தைக் குறைச்சு எழுதச் சொன்னதுக்கு, "ஓடினதைத்தான் எழுதுவேன் தம்பி"ன்னு சொன்னவர்.

எது? கடைசியில இருக்கறதா? அது நான் போட்ட கோடு இல்லை. அவரே ஸ்கேல் வச்சுப் போட்டுக்கிட்டது. கிலோமீட்டர். லாக் புக்குன்னா கிலோமீட்டர் இல்லாம அவருக்கு எழுத வராது, அந்த இடம் காலியா இருந்தா கை அரிக்கும்போல. அதைக் கண்டுக்காதீங்க.

எப்படித் தெரியும்னா? ஏதோ உத்தேசமா எழுதியிருப்பார். இல்லை, உத்தேசமா எழுதற ஆள் இல்லைதான். இருங்க, பார்த்துச் சொல்றேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி திங்கள், அறுபத்தோராயிரத்து நானூத்து முப்பத்தெட்டு. செவ்வாய் அதே நம்பர். புதன் அதே. சனி வரைக்கும் அதே. சரிதான், வண்டி நின்ன இடத்துலதானே நிக்குது. அடுத்த திங்கள், அறுபத்தோராயிரத்து நானூத்து அறுபத்து ரெண்டு. நடுவுல ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனோம். போக வர இருபத்து நாலு. முப்பத்தெட்டும் இருபத்து நாலும் அறுபத்து ரெண்டு.

சரியா இருக்கே அண்ணாச்சி.

திரும்பி வந்தப்ப அவங்க ரெண்டு பேரையும் முன்வாசல்லயே இறக்கி விட்டுட்டேன். ஷெட்டுக்கு நான் மட்டும்தான் போனேன். நிறுத்தினேன், பூட்டினேன், ரிமோட்டைப் பையில போட்டேன். மறுநாள் அவர் வெளியிலேர்ந்து கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து எழுதியிருக்கலாம். எட்டிப் பார்த்தா...

முள்ளு மீட்டர் இல்லை அண்ணாச்சி. டிஜிட்டல் மீட்டர். வண்டி அணைஞ்சிருந்தா கறுப்பா இருக்கும், ஒண்ணும் தெரியாது. சாவி போட்டுத் திருப்பினாத்தான் நம்பர் வரும்.

உள்ளே உட்கார்ந்து, சாவி போட்டுத் திருப்பினாத்தான்.

...

ஒண்ணும் இல்லை. தண்ணி வேண்டாம். இந்த ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்.

முதல் சத்தம் ஏறும்போது. ரெண்டாவது இறங்கும்போது. இல்லையா அண்ணாச்சி? வெறும் சாவியாலதானே கதவைத் திறக்கறார். திறந்ததும் கத்தும். ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டு அது ஓயற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அப்புறம் சீட்டை இழுத்துக்குவார். கண்ணாடியைத் தனக்குத் தகுந்த மாதிரி இறக்குவார். அரை மணி நேரம் ரேடியோ. இறங்கறதுக்குக் கதவைத் திறந்தா திரும்பவும் கத்தும். சங்கரலிங்கம் சார் ஓடி வந்து பார்த்தா அப்பா நிப்பார்.

திருட்டு அலாரம் அண்ணாச்சி அது. எங்க அப்பா தினமும் அந்தச் சத்தத்துக்குள்ளதான் ஏறி உட்கார்ந்திருக்கார். தெரு முழுக்கக் கேக்கற மாதிரி.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி? எட்டு மாசமா நான் ஒயரை அவுத்து அவுத்துக் கட்டறேன், பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். "இந்த ஒயரா இருக்குமாப்பா?"ன்னு கேட்டா, "இருக்கும்ப்பா"ங்கறார். எனக்குக் கோபம்தான் வருது. இப்பக்கூடக் கோபம்தான் வருது. ஆனா எழுதச் சொன்னேன்ல, எழுதியிருக்கார். தேதி, நேரம், கிலோமீட்டர். ஓடினதைத்தான் எழுதியிருக்கார். நான் விட்டுட்ட 'யாரு'ங்கற இடத்தைத்தான் எழுதலை.

நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க? சீட்டைச் சொன்னப்பவா? "யாரும் இல்லை"ன்னு சொன்னப்பவே சிரிச்சீங்க.

சரி. இப்ப என்ன செய்யலாம்னு சொல்லுங்க. வண்டியில கோளாறு இல்லைன்னு ஆயிடுச்சு. ரிமோட் இன்னொண்ணு இதோட சேர்க்க முடியுமா? முடியும்ல? பட்டன் கொஞ்சம் பெருசா இருக்கற மாதிரிப் பாருங்க, கண்ணாடி இல்லாம அவருக்குக் கிட்டத்துல தெரியாது. சேர்க்கறதுக்கு ரெண்டு சாவியும் வேணுமா? ஒண்ணு போதுமா? இல்லை, ரெண்டும் வேணும்னே சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்லப்போறேன்.

இருங்க.

அப்பா, நான்தான். இல்லைப்பா, ஒண்ணும் ஆகலை. தென்காசி ரோட்டுல எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கடையில இருக்கேன். இவர் ரெண்டு சாவியும் வேணும்ங்கறார். பீரோவுல இருக்குல்ல, அந்தச் சாவியை எடுத்துக்கிட்டு ஆட்டோவுல வர்றீங்களா?

...

சரிப்பா.

சரி. நான் ஒண்ணும் சொல்லலைப்பா. வாங்க. ஆங், லைசென்ஸையும் எடுத்துக்கிட்டு வாங்க.

வர்றாராம் அண்ணாச்சி. பீரோவுல இல்லையாம். "சட்டைப் பையிலதாம்ப்பா இருக்கு"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

சூப்பர்வைசர் மச்சானுக்கு வேற ஒரு போன் பண்ணணும். சங்கரலிங்கம் சாரைப் பார்த்து நேர்ல சொல்லணும். என்னன்னு சொல்றது? கோளாறு என்கிட்டத்தான் இருந்ததுன்னு சொல்லலாம். இங்கேயிருந்து வீடு நாலு கிலோமீட்டர். டாக்டர் தூரமாத்தானே வேண்டாம்னார். நாலு தூரம் இல்லையே? நான் பக்கத்துலதான் இருக்கப்போறேன். சர்க்கரைக்குப் பையில மிட்டாய் வாங்கி வச்சுக்கறேன்.

அண்ணாச்சி, அண்ணாச்சி, சீட்டை ஒண்ணும் செய்யாதீங்க! லாக் நல்லாத்தான் இருக்கு. வரும்போது நான் முழங்கால் இடிச்சுக்கிட்டேதான் ஓட்டிட்டு வந்தேன், இன்னும் தள்ளலை, அவர் வச்ச இடத்துலயேதான் இருக்கு. அவர் வந்து உட்காரட்டும்.